தரை விழாத படங்கள்

1

அக்கா மகன் படங்களைக் காட்ட வந்தான். சென்னை மெரினாவில் 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, இந்திய விமானப்படை நடத்திய சாகசக் காட்சியில் எடுத்தவை. எடுத்தது மூவாயிரத்துக்கு மேல். கழித்தது போக நாற்பது வைத்திருந்தான். நெட்டுக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, மடிக்கணினியில் ஒவ்வொன்றாக நகர்த்தி, விமானத்தின் பெயர், ஷட்டர் வேகம், என்ன லென்ஸ் என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு மாலை முழுக்கப் பார்த்தேன். பார்த்து முடித்தபோது சொல்வதற்கு ஒன்று இருந்தது. அவனிடம் அதைச் சரியாகச் சொல்ல வரவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கவிதை எழுதுகிறவர்களும் கவிதையைப் பற்றி எழுதுகிறவர்களுமாக ஒரு சிலர் மட்டும் படிக்கிற இந்தப் பக்கங்களில் ரபேல் விமானத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். படிமம் என்ற சொல்லை நாம் இத்தனை வருஷங்களாகப் புழங்கி வருகிறோம். ஒரு பொருளைச் சுற்றியிருப்பவற்றிலிருந்து வெட்டி எடுத்துத் தனியே நிறுத்தினால் அது பிரகாசிக்கும் என்று நம்பியும் வருகிறோம். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க விமானப் படங்களைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை முதலிலேயே விலக்கிவிடுகிறேன். போர் விமானத்தைப் படமெடுப்பதே போர் வெறி என்ற சுலபமான நிலையிலிருந்து நான் பேசவில்லை. இத்தாலிய எதிர்காலவாதிகள் 1929ல் வான ஓவியத்துக்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களின் தலைவர் மரினெட்டிக்கு யுத்தமே அழகாகத் தெரிந்தது. அதற்கு வால்டர் பெஞ்சமின் 1936ல் வெளிவந்த தம் கட்டுரையில் பதில் சொல்லிவிட்டார். அந்த வழக்கை அக்கா மகன் தலையில் கட்டுவது அநியாயம். அவனுக்குப் பிடித்தது விமானம், அவ்வளவே. சிலருக்கு ரயில் எஞ்சின் பிடிப்பதுபோல.

2

இந்தப் படங்கள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று தெரியாமல் இவற்றை எடை போடக்கூடாது. வேலை லேசானதல்ல.

மெரினாவில் நிற்பவன் கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறான். காட்சி காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 1 மணி வரை. அக்டோபர் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல், சற்றே தெற்கில். விமானத்தின் முதுகில் வெயில் அடிக்கிறது. நமக்குத் தெரிவதோ அதன் அடிவயிறு. காமிராவை அதன் இஷ்டத்துக்கு விட்டால் ஆகாயத்தின் வெளிச்சத்தைக் கணக்கெடுத்துக்கொண்டு விமானத்தைக் கறுப்பு நிழலாக்கிவிடும். அதனால் தேர்ந்த கைகள் காமிரா சொல்வதைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விடுகின்றன. அப்போது அடிவயிற்றின் தகடுகள், திருகுகள், எண்கள் எல்லாம் தெளிகின்றன. கூடவே ஆகாயம் வெளுத்துப் போகிறது. நாற்பது படங்களிலும் ஆகாயம் காகிதம் மாதிரி இருந்ததற்குக் காரணம் இதுதான்.

வேகத்தின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. ஜெட் விமானத்தைக் கூர்மையாகப் பிடிக்க வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்று ஷட்டரை வேகமாக வைக்க வேண்டும். அன்று பறந்தவற்றில் பழைய டக்கோட்டா ஒன்றும் ஹார்வர்ட் ஒன்றும் உண்டு. இரண்டும் இறக்கை விசிறியால் இழுத்துப் பறப்பவை. ஜெட்டுக்கு வைத்த வேகத்திலேயே இவற்றை எடுத்தால் விசிறி அசையாமல் நின்றுவிடும். எஞ்சின் நின்றுபோன விமானம் நூலில் தொங்குவதுபோலத் தெரியும். ஷட்டரை நூற்றைம்பதில் ஒரு பங்குக்கு இறக்கி, விமானத்தோடு உடம்பைத் திருப்பிக்கொண்டே, கை நடுங்காமல் எடுத்தால்தான் விசிறி வட்டமாகக் கலங்கி, விமானம் மட்டும் நிலைத்து நிற்கும். அக்கா மகனின் டக்கோட்டா அப்படி விழுந்திருந்தது. இருபது முப்பது எடுத்ததில் ஒன்றுதான் தேறிற்று என்றான்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருப்பதாகப்பட்டது. முழுக்கத் தெளிவாக எடுத்த படத்தில் பறத்தல் செத்துப் போகிறது. ஓரிடத்தில் கலங்க விட்டால்தான் பறக்கிறது. கூர்மை வேறு, உண்மை வேறு என்பதை விமானப் படக்காரர்கள் தொழிலாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

அவனுடைய ஆகச் சிறந்த படம் ரபேல். இறுக்கமாகத் திரும்பும்போது சிறகின் மேல்புறத்தில் காற்றழுத்தம் சட்டென்று குறைந்து, காற்று குளிர்ந்து, அதிலிருக்கும் ஈரம் ஒரு கணம் வெண்புகையாகத் திரளும். கண்ணிமைப்பதற்குள் போய்விடும். அது வருமென்று எதிர்பார்த்து, விமானம் சாயத் தொடங்கும்போதே அழுத்தத் தொடங்கி, வினாடிக்கு இருபது வீதம் எடுத்துத் தள்ளி, அதில் ஒன்றைப் பிடித்திருக்கிறான். சிறகின்மேல் வெள்ளைத் துணி போர்த்தினாற்போல ஈரம். நல்ல படம். அதை யாரும் மறுக்க முடியாது. அந்த ஈரம் வங்காள விரிகுடாவின் ஈரம். நாற்பதில் மெரினா என்ற இடம் ஏதாவதொரு வகையில் பதிந்திருப்பது அந்த ஒன்றில்தான்.

மற்ற முப்பத்தொன்பதும்? அவற்றை பெங்களூர் எலகங்காவில் எடுத்தேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். 2022ல் விமானப்படை தினம் கொண்டாடிய சண்டிகர் ஏரிக்கரையில், 2023ல் கொண்டாடிய பிரயாக்ராஜில் எடுத்தேன் என்றாலும் நம்பியிருப்பேன். என் ஆட்சேபணை இங்கேதான் தொடங்குகிறது.

3

பறத்தலின் முதல் புகைப்படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். 1903 டிசம்பர் 17, அமெரிக்காவில் கிட்டி ஹாக் அருகே மணல்வெளி. ஆர்வில் ரைட் காமிராவை முக்காலியில் நிறுத்தி, திசை பார்த்து வைத்துவிட்டு விமானத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். குமிழை அழுத்தியவர் ஜான் டேனியல்ஸ். கப்பல் கவிழ்ந்தால் கடலில் இறங்கி ஆட்களை மீட்கிற கரை நிலையத்தில் வேலை பார்த்தவர். அதற்கு முன் படம் எடுத்தே அறியாதவர். விமானம் மேலெழுந்ததும் ஏற்பட்ட பரபரப்பில், தாம் அழுத்தினோமா இல்லையா என்பதே அவருக்கு நினைவில்லை.

அந்தப் படத்தில் என்ன இருக்கிறது? ஓர் ஆள் உயரங்கூட எழும்பாத விமானம். பக்கத்தில் ஓடிவந்து நிற்கும் வில்பர் ரைட். விமானம் உருண்டுவந்த மரத் தண்டவாளம். சிறகைத் தாங்கி வைத்திருந்த சிறு பலகை. மணலில் கால்தடங்கள். 12 வினாடி, 120 அடி. அதை ஒரு பறத்தல் என்று நாம் நம்புவது அந்த மணலால்தான். மணலை வெட்டிவிட்டால் துணி கட்டிய சட்டம் ஒன்று மிஞ்சும்.

அந்த நாட்களின் படங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன. பிரான்சில் லார்த்தீக் சிறுவனாக இருந்தபோதே பறக்கும் யந்திரங்களை எடுக்கத் தொடங்கினார். 1963ல் நியூயார்க் நவீனக் கலைக்கூடம் காட்சிக்கு வைக்கும்வரை அவரைக் கலைஞராக வெளியுலகம் பொருட்படுத்தவில்லை. அவர் படங்களில் தொப்பி போட்டவர்கள் ஓடுகிறார்கள், அண்ணாந்து நிற்கிறார்கள். விமானத்தின் வேகத்தை அவர்களுடைய உடம்பு சொல்கிறது. சென்னையிலும் 1910லேயே பறக்கும் யந்திரம் வந்துவிட்டது. ஓட்டல் நடத்திவந்த டி'ஏஞ்சலிஸ் தாமே ஒன்றைக் கட்டி, கட்டணம் வாங்கிக்கொண்டு தீவுத்திடலில் பறந்து காட்டினார். அன்று விமானங்கள் தாழப் பறந்தன, லென்ஸுகளும் குட்டை. தரையை விட்டுவிட்டு விமானத்தை மட்டும் எடுப்பது யந்திரத்துக்கே சாத்தியமில்லை. படக்காரனின் நல்லெண்ணத்தால் தரை உள்ளே வந்தது என்று சொல்ல மாட்டேன். விலக்க வழியில்லாததால் வந்தது.

பிறகு தொலைவை இழுத்துக் கொண்டுவரும் நீளமான லென்ஸ் வந்தது. அக்கா மகன் அன்று ஒருநாளைக்கு வாடகைக்கு எடுத்தது அறுநூறு மில்லிமீட்டர். அதன் வழியாகப் பார்த்தால் முழு ஆகாயத்தில் ஒரு கைக்குட்டை அளவுதான் தெரியும். அந்தக் கைக்குட்டைக்குள் விமானத்தை வைத்திருப்பதே பெரும்பாடு. தரைக்கு அதில் இடமில்லை. இப்போது விலக்குவது சுலபமாகிவிட்டது. சேர்ப்பதற்குத்தான் ஒரு தீர்மானம் வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் படமெடுப்பதைச் சுடுவது என்கிறார்கள். அதற்கொரு பூர்வீகமும் உண்டு. பிரெஞ்சு உடலியல் அறிஞர் மாரே 1882ல் துப்பாக்கி வடிவத்திலேயே ஒரு காமிரா செய்தார். பறவைகள் சிறகடிப்பதைப் பிரித்துப் பார்ப்பதற்காக. தோளில் வைத்துக் குறிபார்த்து விசையை இழுத்தால் வினாடிக்கு 12 படம். தமிழில் நாம் சுடுவதில்லை, படம் பிடிக்கிறோம். எங்கள் குப்பத்தில் பிடிப்பது என்றால் மீன்தான். மீன் பிடிக்கிறவன் கடலை விட்டுவிட்டு மீனை மட்டும் தெரிந்து வைத்திருப்பதில்லை. நீரோட்டம், காற்று, அடியில் சேறா பாறையா என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அவனுக்கு மீன். சொல் சரியாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. நாம்தான் அதைத் தப்பாகப் புழங்குகிறோம்.

4

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். எழ வேண்டும். ஸ்டீக்லிட்ஸ் 1920களில் மேகங்களை மட்டும் எடுத்தாரே, அவற்றில் எங்கே தரை? அடிவானமே இல்லையே? சமானங்கள் என்று அவர் பெயரிட்ட அந்தப் படங்களைத் தலைகீழாகப் பிடித்தாலும் வித்தியாசம் தெரியாது. அவற்றைக் குறை சொல்லத் துணிவேனா?

துணியமாட்டேன். தரை இல்லாமலிருப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஸ்டீக்லிட்ஸ் தரையை எடுத்துவிட்டதும் மேகம் மேகமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. பார்ப்பவனுக்குக் காலடி நழுவுகிறது. எது மேல், எது கீழ், எவ்வளவு தூரம் என்று தெரியாமல் தன் மனநிலை ஒன்றோடு தனியே விடப்படுகிறான். அங்கே வெட்டியதால் ஒன்று திறக்கிறது. விமானப் படத்தில் தரையை எடுத்ததும் விமானம் மேலும் விமானமாகிறது. பெயர், ரகம், எண், நாடு எல்லாம் உறுதிப்படுகின்றன. பார்ப்பவனின் காலடி நழுவுவதில்லை, கெட்டிப்படுகிறது. வெட்டு ஒன்றுதான், விளைவு எதிரெதிர். பொருளை அறியாததாக்குகிற வெட்டு கலை. பொருளை விலைப்பட்டியலில் சேர்க்கிற வெட்டு வேறு ஏதோ. அதற்கும் பயன் உண்டு. விமானங்களை ரகம் பிரித்துப் பதிந்து வைப்பவர்களின் பொறுமையை நான் மதிக்கிறேன். ஆனால் கலையின் பெயரால் அது கொண்டாடப்படும்போது கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த வகைப் படங்களில் தரை எப்போது உள்ளே வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். விமானம் விழும்போது. 2019 பிப்ரவரி 19, எலகங்காவில் ஒத்திகையின்போது சூர்யகிரண் குழுவின் இரண்டு விமானங்கள் மோதி விழுந்தன. ஒரு விமானி இறந்தார். 2025 நவம்பர் 21, துபாய்க் கண்காட்சியில் தேஜஸ் ஒன்று விழுந்து அதன் விமானி இறந்தார். அந்தப் படங்களில் அடிவானம் இருந்தது, கட்டடங்கள் இருந்தன, பார்த்துக்கொண்டிருந்த மனிதர்கள் இருந்தார்கள். தீயும் புகையும் எழும்பும் இடமாக மட்டுமே தரைக்கு அனுமதி கிடைக்கிறது. அதுவரை விமானம் எதன்மேல் பறந்துகொண்டிருந்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

5

அக்டோபர் 6ந் தேதிக்கு வருகிறேன். அக்கா மகனோடு நானும் போயிருந்தேன். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாகக் கடற்கரைக்கு நடந்தோம். காலை எட்டு மணிக்கே மணல் நிரம்பியிருந்தது. 2003க்குப் பிறகு சென்னையில் விமானப்படை நடத்தும் காட்சி இது. விமானங்கள் எழுபத்திரண்டு. கூட்டம் பதினைந்து லட்சம் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள்.

நான் ரசித்தேன் என்பதை மறைப்பது அயோக்கியத்தனம். சுகோய் செங்குத்தாக ஏறியபோது என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. சாரங் ஹெலிகாப்டர்கள் ஒன்றையொன்று உரசுவதுபோல் கடந்தபோது வாய்விட்டுக் கத்தினேன். சூர்யகிரண் புகையால் ஆகாயத்தில் கோடு கிழித்தபோது என் வயசு எனக்கு மறந்துபோயிற்று.

எனக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், ஓர் அம்மாள் பேரனோடு நின்றிருந்தார். தலையில் முந்தானையை மடித்துப் போட்டிருந்தார். தண்ணீர் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டார். எங்கள் போத்தலும் காலியாகிவிட்டிருந்தது. இல்லையம்மா என்று சொல்லிவிட்டு மேலே பார்க்கத் திரும்பினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கைதட்டல் அடங்கித் திரும்பியபோது அவர் மணலில் சாய்ந்திருந்தார். யாரோ செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். பிறகு நான்கைந்து பேர் தூக்கிக்கொண்டு சாலைப் பக்கம் போனார்கள். பேரன் அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

அன்று ஐந்து பேர் இறந்தார்கள். பலர் மயங்கி விழுந்து மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வெயில், நெரிசல், தண்ணீரின்மை என்று எழுதினார்கள். யார் பொறுப்பு என்று கட்சிகள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டன. அந்த விவகாரம் இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. எனக்கு வேண்டியது வேறு. மறுநாள் வெளிவந்த படங்களில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, வெள்ளை ஆகாயத்தில் விமானங்கள். மற்றது, ரயில் நிலையங்களில் நசுங்கும் கூட்டம், மணலில் கிடந்த குப்பை. இரண்டும் ஒரே இடம், ஒரே நேரம். இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் வைத்த படம் ஒன்றைத் தேடினேன். என் கண்ணில் படவில்லை.

அப்படியொரு படம் யந்திரத்துக்கு அசாத்தியமில்லை. லென்ஸைக் கழற்றிவிட்டுக் குட்டையானதைப் போட்டு, முழங்காலில் உட்கார்ந்து, அண்ணாந்த ஒரு முகத்தையும் அதன் மேலே போகும் புகைக்கோட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கலாம். அக்கா மகன் ஏன் செய்யவில்லை என்று கேட்க எனக்கு அருகதை இல்லை. காமிரா இல்லாமலேயே நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். என் கழுத்தே அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸாக இருந்தது.

6

எங்கள் ஊர்ப் பக்கமும் காமிராக்கள் வருவதுண்டு. விமானம் பிடிக்க அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து வந்து எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. படகு, வலை, கரைக் கல் எல்லாம் கறுத்தன. கூழைக்கடாக்கள் எண்ணெயில் நனைந்து பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தன. எங்கள் ஆட்கள் குவளையாலும் கையாலும் எண்ணெயை அள்ளினார்கள். அப்போது எடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் வழியும் உள்ளங்கை, எண்ணெய் வழியும் கால், எண்ணெய் வழியும் பறவை. மிக அருகில் வைத்து, பின்னணியைக் கலைத்து எடுத்தவை.

அவை வேண்டும். அவை இல்லாவிட்டால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அவற்றையும் விமானப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் திடுக்கிட்டது. அங்கே தரையில்லாத ஆகாயம், இங்கே ஆகாயமில்லாத தரை. அந்த உள்ளங்கைக்கு உரியவர் அன்று காலை என்ன சாப்பிட்டார், அவருக்குப் பின்னால் எந்தப் புகைபோக்கி நின்றது, எந்தத் திசையில் காற்று வீசியது என்று எதுவும் இல்லை. பரிதாபத்துக்கென்று அறுத்தெடுத்த கை. வியப்புக்கென்று அறுத்தெடுத்த சிறகு. இரண்டிலும் ஒரே கத்திதான் வேலை செய்திருக்கிறது.

அதே டிசம்பர் 26ந் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்திலிருந்தும் பக்கத்துக் குப்பங்களிலிருந்தும் ஜனங்கள் மூச்சுத் திணறத் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அந்த வாயுவின் படம் யாரிடமும் இல்லை. அம்மோனியா படத்தில் விழாது. எங்கள் ஆகாயம் அன்று எப்படி இருந்தது என்பதை ஓடிய மனிதர்களை வைத்துத்தான் காட்ட முடியும், லார்த்தீக் ஓடுகிற தொப்பிக்காரர்களை வைத்து வேகத்தைக் காட்டியதுபோல.

7

கடலில் இடம் கண்டுபிடிப்பதற்கு என் தகப்பனார் தலைமுறை ஒரு வழி வைத்திருந்தது. கரையில் தெரியும் உயரமான பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக நேர்க்கோட்டில் வரும்படி பார்ப்பது. புகைபோக்கியும் கோபுரமும் ஒரு கோடு. பனைமரமும் தண்ணீர்த் தொட்டியும் இன்னொரு கோடு. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வலை. இப்போது ஜி.பி.எஸ். கருவி வந்துவிட்டது. ஆனாலும் அந்த அறிவின் சாரம் மாறவில்லை. நடுக்கடலில் ஒரு புள்ளி தனியாக ஓர் இடமாகாது. வேறு இரண்டைப் பார்த்தால்தான் நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியும்.

விமானத்துக்கும் அதுவே. வெற்று ஆகாயத்தில் உள்ள விமானத்தின் உயரமோ வேகமோ பருமனோ படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பொம்மையும் அப்படித்தான் இருக்கும். நாம் வியப்பது படத்தை அல்ல. நமக்கு முன்பே தெரிந்த பெயரை. நம் படிமக் கவிதைகள் பலவற்றின் சங்கதியும் இதுதான் என்று தோன்றுகிறது. வெட்டிய படிமம் மினுங்குகிறது. பேசுகிறவன் எங்கே நிற்கிறான், எத்தனை மணி, யார் பக்கத்தில் என்பதற்கு அடையாளமில்லை. எண்ணூர்க் கழிமுகத்துக் கொக்கு ஒன்றைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன். வெண்மை, ஒற்றைக் கால், நீர் என்று முடித்துவிட்டேன். அது நின்ற நீர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கரைந்த நீர். எழுதும்போது அது எனக்குத் தெரியும். தெரிந்தே விட்டேன், கவிதை கெட்டுப்போகும் என்று. இன்னொரு கட்சியாரின் கவிதையில் சாம்பல் மட்டும் இருக்கும், கொக்கு இராது. இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நாற்பது படங்களும் முடிந்தபின், ஒத்திகை நாட்களில் ஏதும் எடுத்தாயா என்று கேட்டேன். எடுத்ததாகவும் ஒன்றும் தேறவில்லை என்றும் சொன்னான். வாடகை லென்ஸ் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான். ஒத்திகையின்போது காமிராவோடு வந்த சாதாரண லென்ஸை வைத்துக்கொண்டு, அலைக்குப் போட்ட கற்கள்மேல் நின்று, தெற்கே பார்த்து எடுத்திருக்கிறான். காட்டச் சொன்னேன்.

"இதுல இன்னா மாமா கீது? கொசு மாரி கீது" என்றான்.

கொசு மாதிரித்தான் இருந்தது. தெற்கே, தொலைவில், துறைமுகத்துக்கும் அப்பால் ஒரு கறுப்புக் கீற்று. அது எந்த விமானம் என்று அவனாலும் சொல்ல முடியவில்லை. கடலில் ஒரு கப்பல் நங்கூரமிட்டு நிற்கிறது. இந்தப் பக்கம் ஓலைப் பந்தலின் கீழ் மூன்று பேர் வலை முடைகிறார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்காவதாக ஒரு கிழவர், நெற்றியில் கைவைத்து மேலே பார்க்கிறார். அவர் பார்ப்பது விமானத்தை அல்ல. அவர் முகம் கிழக்கே திரும்பியிருக்கிறது. மழை வருமா என்று பார்க்கிறார் போலும்.

இதை மகத்தான படம் என்று நான் சொல்லப்போவதில்லை. அடிவானம் சாய்ந்திருக்கிறது. கீழ்ப்பாதியில் கற்கள் அநாவசியமாக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. வெளிச்சம் தட்டையாக இருக்கிறது. கிழவரைப் பார்த்து எடுத்ததும் அல்ல, தற்செயல். டேனியல்ஸ் குமிழை அழுத்தியதுபோல. ஆனால் நான் பார்த்த எல்லாப் படங்களிலும், அந்த விமானத்துக்கும் எங்களுக்கும் நடுவே உள்ள தூரம் இதில் மட்டும்தான் இருந்தது. அந்தக் கீற்று எவ்வளவு வேகமாகப் போகிறது, எவ்வளவு விலை பெறும், யாருக்காகப் பறக்கிறது என்பதையெல்லாம் வலை முடைகிற அந்த மூன்று முதுகுகளை வைத்து ஒருவன் யோசிக்கத் தொடங்க முடியும்.

ரபேல் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு அக்கா வீட்டில் மாட்டியிருக்கிறான். அது அங்கே இருக்கத்தான் வேண்டும். ஒத்திகைப் படத்தை அழிக்கப் போனான். எனக்குக் கொடு என்றேன். ஏன் என்று கேட்டான். இந்தக் கட்டுரையில் உள்ளதில் பாதியைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அடுத்த வாட்டி சின்ன லென்ஸும் எடுத்துனு போறேன் மாமா" என்றான். விமர்சனத்துக்கு இதைவிடப் பெரிய பதில் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

மணலில் சாய்ந்த அந்த அம்மாள் பிழைத்தாரா என்று எனக்குத் தெரியாது. பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. மூவாயிரத்துச் சொச்சம் படங்களையும் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அவர் ஒன்றிலும் இல்லை.